கொடி கட்டிய கைத்தடி

1. கான்ஸ்டபிள் வந்த காலை

தண்டையார்பேட்டையில் எங்கள் கைத்தடிப் பட்டறை டோல்கேட்டிலிருந்து கூப்பிடு தூரம்தான். ஒருநாள் காலை நான் ஒரு கைப்பிடிக்கு உப்புத்தாள் போட்டுக்கொண்டிருந்தபோது, டிராஃபிக் கான்ஸ்டபிள் ஒருவர் கையில் ஒரு கம்போடு மூச்சிரைக்க உள்ளே வந்தார்.

"இந்தக் கம்பு நீ செஞ்சதாம்மா? உங்க கடை முத்திரை கீது."

"ஆமா சார். இன்னா ஆச்சு?"

"ஒரு பெர்சு நடுரோட்டுல நின்னுகினு டிரெய்லரையெல்லாம் நிறுத்தி வெச்சிக்கீறாரு. கம்பப் புடுங்கிட்டேன். அப்பவும் நவுர மாட்டேங்கிறாரு. நீ வந்து சொல்லு."

"புடுங்கிட்டீங்களா!" என்று எழுந்தே விட்டேன். அந்தக் கம்பு இல்லாமல் அவரால் ஓர் அடிகூட வைக்க முடியாது. அது எனக்கும் அவர் மகளுக்கும் மட்டுமே தெரிந்த ரகசியம்.

2. கம்பு மாதிரி தெரியாத கம்பு

ஒரு மாதத்துக்கு முன்பு அந்த மகள் வசந்தா பட்டறைக்கு வந்திருந்தாள். அப்பா பெயர் மாணிக்கம். கொருக்குப்பேட்டை கூட்ஸ் யார்டில் பச்சைக்கொடியும் சிவப்புக்கொடியும் காட்டி வேகன்களை நகர்த்தியே ரிட்டையர் ஆன பாயிண்ட்ஸ்மேன். இடது மூட்டு முழுக்கத் தேய்ந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் கொடுத்த ஸ்டிக்கைப் பரணில் எறிந்துவிட்டார்.

"கம்புன்னாலே 'நான் இன்னா கெயவனா'ன்னு எகிர்றாருக்கா. வயசு எழுபத்தாறு. கம்பு மாதிரி தெரியாத ஒரு கம்பு செஞ்சு குடேன்."

எனக்குத்தான் அந்த யோசனை வந்தது. கொடிக்கம்பு.

பூவரசங்கட்டையை ஆவியில் வேகவைத்து, சூட்டோடு வளைத்து, கிளாம்ப் போட்டு ஒரு வாரம் காயவிட்டேன். ஆளைச் செருப்போடு நிற்கவைத்து, தரையிலிருந்து மணிக்கட்டு எலும்பு வரை அளவு எடுத்தால்தான் கைத்தடி சரியாக அமையும். அவரை வரவழைக்க வழியில்லை. பேண்ட் தைக்கப்போவதாகச் சொல்லி வசந்தாவே டேப் பிடித்தாள். அவர் பேண்ட் போடுவதை விட்டுப் பத்து வருடமாகியிருந்தது. வளைவுக்குக் கீழே பச்சை, சிவப்பு இரண்டு கொடிகளைச் சுருட்டி நாடாவால் கட்டினேன். யார்டிலிருந்து ஞாபகார்த்தமாகக் கொடுத்தனுப்பினார்கள் என்று வசந்தா அப்பாவிடம் நீட்டினாள். வாங்கிக்கொண்டார்.

மறுநாளே பால் வாங்கக் கிளம்பிவிட்டார். மூன்றாம் நாள், பள்ளிக்கூடப் பிள்ளைகள் ரோட்டைக் கடக்கட்டும் என்று ஒரு ஷேர் ஆட்டோவுக்குச் சிவப்புக்கொடி காட்டினார். ஆட்டோ நின்றுவிட்டது. அடுத்து தண்ணி லாரி. அதுவும் நின்றது. வசந்தா போன் செய்து, "மூட்டுவலின்னே சொல்றதில்லக்கா" என்று சந்தோஷப்பட்டாள். எனக்கும் பெருமையாக இருந்தது. டிரெய்லர் வரைக்கும் போவார் என்று நாங்கள் இருவருமே நினைக்கவில்லை.

3. நடுரோட்டில் சார்ஜ் கொடுத்தது

கான்ஸ்டபிளோடு ஓடினேன். இரண்டு பக்கமும் கண்ணுக்கெட்டிய தூரம் கன்டெய்னர் வண்டிகள். ஹாரன் சத்தத்தில் காது அடைத்தது. நடுவில் மாணிக்கம், கொடியில்லாத வெறும் கையை உயர்த்தியபடி நின்றார். வேட்டிக்குள் இடது கால் நடுங்கிக்கொண்டிருந்தது.

"பெர்சு, ஓரமா வா!" என்று கத்தினார் கான்ஸ்டபிள்.

"டூட்டி முடியல."

நான் கான்ஸ்டபிளின் காதருகே போய்ச் சொன்னேன். "சார், அவரால நடக்க முடியாது. ஊரே பாக்குது, வாய் தொறந்து கேக்க மாட்டாரு. கம்பக் குடுத்துடுங்க."

கான்ஸ்டபிள் அந்த நடுங்கும் காலைப் பார்த்தார். பிறகு கொடிகளை அவிழ்த்துத் தன் பாக்கெட்டில் திணித்துக்கொண்டு கம்பை மட்டும் நீட்டினார். மாணிக்கம் தொடவில்லை.

"ரிலீவர் யாரு? ரிலீவர் வராம பாயிண்ட வுட்டு நவுந்தா மெமோ குடுப்பான்."

கான்ஸ்டபிள் என்னைப் பார்த்தார். வண்டி வரிசையைப் பார்த்தார். தொப்பியைச் சரிசெய்துகொண்டு விறைப்பாக நின்றார்.

"நான்தாங்க ரிலீவர்."

"பேரு, நம்பர் எழுதிக் குடு."

பேப்பர் இல்லை. பதற்றத்தில் உப்புத்தாளைக் கையோடு கொண்டுவந்திருந்தேன். என் காதில் செருகியிருந்த பென்சிலை வாங்கி, தாளின் பின்பக்கத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார் கான்ஸ்டபிள். மாணிக்கம் அதைத் தள்ளிப் பிடித்துப் படித்தார்.

"டைம் போடலியே."

டைமும் போட்டார். உப்புத்தாளை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு, கம்பை ஊன்றி, மெதுவாக ஓரத்துக்கு நடந்தார் மாணிக்கம். முதல் டிரெய்லர் டிரைவர் தலையை நீட்டினார்.

"நைனா, போலாமா?"

கேட்டது கான்ஸ்டபிளை அல்ல. மாணிக்கம் கையசைத்த பிறகுதான் வண்டி நகர்ந்தது.

4. வீட்டுக்குப் போகும் வழி

கூடவே நடந்தேன். பாதி வழியில் நின்று, "நீதான் செஞ்சியாம்மா?" என்றார்.

"ஆமாங்கய்யா. கொடிக்கம்பு..."

"கொடிக்கம்புக்குக் கீய ரப்பர் புஷ் எதுக்கு? மொத நாளே தெரியும்."

எனக்கு முகம் சுருங்கிவிட்டது. "அப்புறம் ஏங்கய்யா ஒண்ணும் சொல்லல?"

"பொண்ணு அவ்ளோ கஷ்டப்பட்டு ஒரு பொய்ய ரெடி பண்ணி எடுத்தாந்துச்சு. ஒடைக்க மனசு வரல."

அதன் பிறகு நான் மறைத்து எதுவும் செய்யவில்லை. பட்டறைக்கு வர மறுப்பவர்களின் வீட்டுக்கே டேப்போடு போனேன். "உங்களுக்குக் கைத்தடி வேணும், அளவெடுக்க வந்திருக்கேன்" என்று முகத்துக்கு நேராகவே சொன்னேன். முக்கால்வாசிப் பேர் கண்டபடி திட்டினார்கள். திட்டிக்கொண்டே செருப்பைப் போட்டு, நிமிர்ந்து நின்று, மணிக்கட்டை நீட்டினார்கள்.