கிலுகிலுப்பைச் செடிகளை அள்ளிய நாள்

கோவளத்தில் எங்கள் வீட்டை ஒட்டிய காலி மனை முழுக்கக் கிலுகிலுப்பைச் செடிகள். முதுகில் அறுவை சிகிச்சை முடிந்து என் மனைவி படுத்திருந்த மாதங்களில், ஜன்னல் வழியே அவளுக்குத் தெரிந்தது அந்த மனை மட்டும்தான். மஞ்சள் பூக்களுக்கிடையே சின்னஞ்சிறு வெள்ளை அந்துப்பூச்சிகள் பகலிலேயே பறக்கும். இறக்கையில் சிவப்பும் கறுப்புமாகப் புள்ளிகள். அவற்றின் புழு பச்சைக் காயைத் துளைத்து, தலையை உள்ளே விட்டு விதையைத் தின்னும் என்று செல்போனில் படித்துச் சொல்வாள். நான் ‘ம்’ கொட்டுவேன்.

எனக்குப் பாம்பு பயம். மனைக்காரரிடம் போனில் அனுமதி வாங்கி, அவளிடம் சொல்லாமல் ஜேசிபிக்கு ஏற்பாடு செய்தேன்.

சத்தம் கேட்டு, வாக்கரைப் பிடித்தபடி அவள் வாசலுக்கு வந்தபோது, ஒரு மூலை தவிர மனை வெறும் மணலாகியிருந்தது.

“யாரு இதைப் பண்ணச் சொன்னது?”

“மனைக்காரரா இருக்கும்” என்றேன்.

அதே நேரம் டிரைவர் தலையை நீட்டினார். “சார், அந்த மூலையும் வழிச்சுடவா? நீங்க சொன்னீங்கன்னு நாஸ்தா கூட துன்னாம வந்துகீறேன்.”

அவள் என்னைத் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அவளோ, பிடுங்கிப்போட்ட செடிக் குவியலை நோக்கிக் குனியப் போனாள். டாக்டர் குனியவே கூடாது என்றிருந்தார். ஓடிப்போய்ப் பிடித்தேன்.

“நான் எடுக்கறேன். நீ காட்டு.”

வண்டியை அனுப்பிவிட்டேன். அவள் கைகாட்டக் காட்ட, புழுக்களைப் பொறுக்கி மூலையில் மிஞ்சிய செடிகளில் விட்டேன். நசுங்கியவையே அதிகம். ஒன்று பாதி உடம்போடு நெளிந்தது. அவள் பார்க்கும் முன் மணலைத் தள்ளி மூடினேன்.

அந்தச் சில செடிகளின் காய்கள் சீக்கிரமே தீர்ந்தன. ஆபீஸ் போகும் முன் முட்டுக்காடு வரை பைக்கில் போய்ப் பச்சைக் காய்கள் பறித்து வந்தேன். அங்கே கருவாடு காயப்போட்டுக்கொண்டிருந்த ஓர் அம்மா கேட்டார்: “இன்னாத்துக்குப்பா இது? ஆடு கூட துன்னாதே.”

“வீட்டுல கேட்டாங்க” என்றேன். அவள் கேட்கவே இல்லை.

சில புழுக்கள் கூடு கட்டி, பூச்சியாகிப் பறந்தன. அன்று இரவு சாப்பிடும்போதுதான் அவள் அந்தப் பேச்சை எடுத்தாள்.

“பயம்னு சொல்லியிருந்தா, சுவரோரம் மட்டும் வெட்டியிருக்கலாம். என்கிட்ட ஏன் மறைச்சீங்க?”

“நீ படுத்திருக்கே, உன்னைத் தொந்தரவு...” என்று ஆரம்பித்து நிறுத்தினேன். “இல்ல. நீ வேணாம்னு சொல்லுவே, அதான்.”

அவள் ரசத்தை என் பக்கம் நகர்த்தினாள்.