பேசாப் படங்களுக்கு நடுவராய் இருந்த வருசம்

படம் தெரிவு செய்கிற வேலையில் முதலில் கெடுவது கண் என்று சொல்வார்கள். எனக்கு முதலில் கெட்டது நித்திரை.

நான் பரந்தன் சந்தியில் கலியாண வீடியோக்களை எடிட் பண்ணுகிற ஆள். போன வருசம் எங்கள் சின்னத் திரைப்பட வட்டம் வன்னிப் பிள்ளைகளுக்கு ஒரு குறும்படப் போட்டி வைத்தது. ஒரேயொரு நிபந்தனை, படத்தில் யாரும் பேசக் கூடாது. அதற்குக் காரணம் கலை இல்லை. எங்களிடம் இருந்த ஸ்பீக்கர் வாயைத் திறந்தாலே கரகரக்கும். நடுவர்கள் நானும், மருந்துக்கடையில் நிற்கிற ரஜனி அக்காவும். வருகிற படங்களை என் கடையின் பின்னறையில் பார்ப்போம். நல்லதுகளை ஊர் ஊராகக் கொண்டுபோய்ப் போட்டுக் காட்டுவோம். என்னைப் போல நடுவர் கதிரையில் ஏறி இருந்துவிட்டு இறங்க வழி தெரியாமல் முழித்தவர்கள், தயவுசெய்து என் பக்கம் நின்று வாசியுங்கள்.

கிணறு

எங்கள் பக்கம் கதை என்றால் பேச்சு. அதனால் விளம்பரத்தில், 'படத்தில் கதை இருக்கக் கூடாது' என்றுதான் போட்டிருந்தோம். முதலில் வந்த படத்தை எடுத்தவர் சிவகுமார். மலையகத்தில் இருந்து வந்து கிளிநொச்சிப் பக்கம் குடியேறிய குடும்பத்துப் பெடியன், தோட்டம் செய்கிறவர். படத்தில் ஒரு பாழுங்கிணறு. கமரா அசையவில்லை. கிணறும் அசையவில்லை.

கொஞ்ச நேரத்தில் ரஜனி அக்கா, "இப்ப வரும்" என்றா. என்ன வரும் என்று நான் கேட்கவில்லை. சண்டை நடந்த இந்த மண்ணில் ஆளில்லாத கிணற்றை யாரும் சும்மா பார்ப்பதில்லை. அவா கதிரைக் கையை இறுக்கிப் பிடித்தா. ஒரு கயிறு, ஒரு சேலைத் துண்டு, ஒரு கை, ஏதோ ஒன்று மேலே வரப்போகிறது என்று காத்திருந்தோம். படம் முடிந்தது. கிணறு மட்டும்தான். உடனே சிவகுமாருக்குப் போன் எடுத்து, "என்ன தம்பி, ஒண்டுமே நடக்கேல்லையே?" என்று கேட்டேன்.

"நீங்கதானே சார் கதையே இருக்கக் கூடாதுன்னு போட்டிருந்தீங்க? ஒண்ணும் நடந்திடாம பாத்துக்கிறதுக்கு எவ்வளவு கஷ்டப்பட்டேன் தெரியுமா?"

மண்டையோட்டுப் பலகை

முல்லைத்தீவுப் பக்கத்துப் பெடியள் மூன்று பேர், நிரோஜன் என்கிறவனின் தலைமையில் ஒரு படம் அனுப்பியிருந்தார்கள். ஒருவன் வெறுங்காலோடு பற்றை மண்டிய காணிக்குள் ஒரு ஆட்டைத் துரத்துகிறான். அவ்வளவு வடிவாக எடுத்திருந்தார்கள். இரண்டாம் தரம் ஓடவிட்டபோது ரஜனி அக்கா, "நிப்பாட்டு" என்றா. திரையின் மூலையில் ஒரு சிவப்புப் பலகை சரிந்து கிடந்தது. அதில் மண்டையோடு. கண்ணிவெடி இருக்கிற காணிக்கு முன்னால் நடுகிற பலகை. பெடியன் அதற்கு உள்ளே ஓடிக்கொண்டிருந்தான்.

கடைசிக் காட்சியைத் திரும்ப எடுக்க அன்று காலை அதே காணிக்குப் போவதாக முதல்நாள்தான் நிரோஜன் எனக்குச் சொல்லியிருந்தான். அவனுக்குப் போன் அடித்தேன், எடுக்கவில்லை. மோட்டார் சைக்கிளை எடுத்தேன். பின்னால் இருந்த அக்கா விடாமல் போன் அடித்துக்கொண்டே வந்தா. முல்லைத்தீவு வீதி முழுக்க ஒரு வெடிச்சத்தத்தை எதிர்பார்த்தபடியே ஓடினேன். பின்னால் வந்த லொறியின் டயர் மிதித்துக் கல்லுத் தெறித்ததற்கே பிரேக் பிடித்துவிட்டேன்.

ஒரு மதகுக் கட்டில் மூன்று பேரும் இருந்து பணிஸ் தின்றுகொண்டிருந்தார்கள். மோட்டார் சைக்கிளை ஸ்டாண்ட் போடாமலே மதகில் சாய்த்தேன். அன்றைக்கே கண்ணிவெடி எடுக்கிற ஆட்களுக்குச் சொன்னோம், அவர்கள் வந்து காணியைச் சுற்றிக் கயிறு கட்டினார்கள். படத்தைப் போட்டியில் இருந்து எடுத்துவிட்டோம். ஆனால் மதகடியில், "பலகை உங்களுக்குக் கண்ணில படேல்லையோ?" என்று நான் கத்தியபோது நிரோஜன் சொன்ன மறுமொழிதான் இன்னும் நித்திரையில் வருகிறது.

"கண்டனாங்கள் அண்ணை. நிறைய நிண்டது. படத்துக்கு வடிவில்லை எண்டு மற்றதெல்லாத்தையும் கழட்டி ஒரு பக்கமா வச்சிட்டம்."

சத்தத்தைத் தேடி வந்தவர்கள்

ஒருநாள் மத்தியானம் கடைக்கு இரண்டு பேர் வந்தார்கள். அயன் பண்ணின சேட்டு போட்டிருந்தார்கள். எந்த அரசாங்கக் கந்தோர் ஆட்கள் என்று அவர்களும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. ஒருவர் கதிரையில் இருந்தார், மற்றவர் வாசலை மறித்துக்கொண்டு நின்றார். ரஜனி அக்காவைப் போகச் சொல்லிக் கண் காட்டினேன். அவா அசையவில்லை. வந்த படம் எல்லாவற்றையும் போடச் சொன்னார்கள். போட்டேன்.

"ஏன் பேச்சு இல்ல?" "நிபந்தனை அப்பிடி ஐயா." "முதல்ல இருந்து, பிறகு வெட்டினதா?" "இல்லை ஐயா." தண்ணீர்க் குழாயடியில் இரண்டு பெண்கள் வாயசைத்துக் கதைக்கிற காட்சி வந்ததும் இருந்தவர் எழும்பி ஸ்பீக்கரில் காதை வைத்தார். "இவங்க என்ன சொல்றாங்க?" தெரியாது என்றேன். "தெரியாம எப்படி நல்ல படம்னு எடுத்தது?" நியாயமான கேள்விதான். என் பெயர், அப்பாவின் பெயர், இடம்பெயர்ந்து இருந்த ஊர்கள் எல்லாம் எழுதி எடுத்தார்கள். போகும்போது, ஸ்பீக்கரில் காது வைத்தவர் வாசலில் நின்று, மிகவும் மரியாதையாகச் சொன்னார்:

"தம்பி, அந்த சத்தம் எங்கயாவது கிடைச்சா எங்களுக்கு ஒரு கோல் எடுங்க."

கொப்பு முறிகிற காட்சி

ஒட்டுசுட்டான் பக்கத்தில் ஒரு கிராமம். பொழுதுபட்ட கையோடு பள்ளிக்கூட வளவில் வெள்ளைத் துணி கட்டிப் படம் போட்டோம். பேசாப் படத்தில் ஒரு தொல்லை, வெளியில் நடப்பதெல்லாம் கேட்கும். திரையில் ஒரு பெண் காட்டுக்குள் விறகு பொறுக்கிக்கொண்டிருந்தா. துணிக்குப் பின்னால் 'சடார்' என்று மரக்கொப்பு ஒன்று முறிந்தது. திரும்பவும் முறிந்தது. பிறகு பெரிய மூச்சு ஒன்று. துணி மெல்ல எங்கள் பக்கம் உப்பியது.

படத்தை நிற்பாட்டினால் இருட்டு. இருட்டில் சனம் எந்தப் பக்கம் ஓடும் என்று தெரியாது. "நிப்பாட்டாதை, ஓடட்டும்" என்று ரஜனி அக்கா என் காதுக்குள் சொல்லிவிட்டு, ஒவ்வொரு வரிசையாகக் குனிந்து, பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு றோட்டுப் பக்கம் போகச் சொன்னா. ஒரு சத்தமும் இல்லாமல் சனம் எழும்பிப் போனது. நான் புரொஜெக்டரைப் பிடித்தபடி, அந்தப் பெண் விறகு பொறுக்கி முடிக்கக் கூடாது என்று கும்பிட்டேன். கடைசியில் ஊர்ப் பெடியள் வெடி கொளுத்திப் போட, யானை திரும்பிக் காட்டுக்குள் போனது. முன்வரிசையில் ஒரு ஐயா மட்டும் கடைசிவரை எழும்பவே இல்லை. போய்த் தொட்டேன்.

"சத்தமில்லாத படம் எண்டெல்லோ சொன்னனீங்கள்? உந்தக் கொப்பு முறியிற சத்தம்தான் தம்பி படத்திலேயே திறம்."

பஸ் தரிப்பிடம்

பரிசளிப்பு பரந்தனில். பிரதம விருந்தினர் பிந்தியதால், நாங்கள் ஆகக் குறைந்த மார்க்ஸ் போட்ட படத்தை நேரம் போக்கப் போட்டோம். ஒரு மாணவி பஸ் தரிப்பிடத்தில் கைநடுங்க எடுத்தது. ஆட்கள் இறங்குகிறார்கள், போகிறார்கள். நடுவில் இடுப்பில் சாரம் கட்டிய ஒரு மனிதர் பையோடு இறங்கி, ஒருதரம் திரும்பிக் கமராவைப் பார்த்துவிட்டுப் போகிறார்.

"நிப்பாட்டுங்கோ."

எழும்பி நின்றது சந்தையில் மரக்கறி விற்கிற செல்வராணி அக்கா. சண்டை முடிகிற நாட்களில் அரிசி தேடிப் போன அவாவின் புருசன் திரும்பி வரவில்லை. பின்னுக்கு ஓட்டினேன். அவா திரைக்குக் கிட்டப் போனா. தன் நிழல் அந்த முகத்தில் விழ, விலகி நின்றா. "வயசு போட்டுது. எண்டாலும் அந்தத் திரும்புற திரும்பல்..." அது அவராக இருந்துவிடுமோ என்று ஒரு பயம், இல்லாமல் போய்விடுமோ என்று இன்னொரு பயம்.

படம் எடுத்த மாணவி, அது கண்டாவளை பஸ், கொண்டக்டரைத் தனக்குத் தெரியும், இப்பவே கேட்கலாம் என்றா. நான் பையில் இருந்து மோட்டார் சைக்கிள் திறப்பை எடுத்தேன். செல்வராணி அக்கா வந்து என் கையைப் பிடித்தா.

"வேண்டாம் தம்பி. போய்ப் பார்த்தா அது வேற ஆளாப் போயிடும். நீங்கள் இன்னொருக்கா அதைப் போட்டு விடுங்கோ."

அந்த வருசத்தின் ஆகத் திறமான படம் எது, ஆக மோசமான படம் எது என்று வட்டத்தார் கேட்டபோது, இரண்டுக்கும் அந்தப் பஸ் தரிப்பிடப் படத்தின் பெயரையே சொல்லிவிட்டு, இனியும் பயப்பட வேண்டாமே என்று கலியாண வீடியோவுக்கே திரும்பிவிட்டேன்.