மரக்கறிக்கடைக்காரருக்காக மன்றாடியவர்கள்

சந்தேகப்படுவதில் என்னை வெல்ல, நாங்கள் வந்து குடியேறிய ஸ்காபரோவில் ஆள் கிடையாது என்று என் கணவர் சொல்வார். யாராவது சிரித்துப் பேசினால், இவருக்கு என்னிடம் என்ன வேண்டும் என்றுதான் முதலில் யோசிப்பேன். நகரத்தின் மேற்குப் பக்கத்தில் இருக்கும் உக்ரேனியப் பெண்கள் சங்க மண்டபத்தில், சனிக்கிழமைகளில் துப்புரவு வேலை கிடைத்தபோதும் அப்படித்தான்.

இருபது பெண்கள் நீண்ட மேசையைச் சுற்றி நின்று, உருளைக்கிழங்கை உள்ளே வைத்துக் கொழுக்கட்டை போல ஒன்றைப் பிடிப்பார்கள். அதை விற்று ஊருக்கு மருந்து அனுப்புகிறார்களாம். நான் வாளியோடு உள்ளே போனால் பேச்சு நின்றுவிடும். அவர்களுடைய பாஷையில் எனக்கு ஒரு சொல்லும் தெரியாது. பிறகு எதற்கு நிறுத்துகிறார்கள்?

அதைவிட அந்தக் கறுப்பு மட்டைக் கொப்பி. வேலை தொடங்குமுன் ஒருத்தி அதைத் திறந்து பெயர்களை வாசிப்பாள். மற்றவர்கள் தலை குனிந்து நிற்பார்கள். பெயர்ப்பட்டியல் என்றாலே எனக்கு ஆகாது. எங்கள் ஊரில் போர் முடிந்த நாளில், பதிந்தால் விட்டுவிடுவோம் என்று இராணுவத்தினர் ஒலிபெருக்கியில் சொன்னதை நம்பி, என் தம்பியின் பெயரைக் கொடுத்தவள் நான்தான். எழுதிக்கொண்டு பஸ்ஸில் ஏற்றினார்கள். அதன் பிறகு அவனைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. அவன் பெயரில் கோயிலில் ஓர் அர்ச்சனைகூட நான் செய்ததில்லை. அர்ச்சனை வரிசையில் பின்னால் நிற்பவர்களுக்கும் காது இருக்கிறது; யாரிடம் போய்ச் சொல்வார்களோ.

கொப்பிக்காரிக்கு என் வயதுதான் இருக்கும். அவர்கள் நாட்டில் போர் தொடங்கிய பிறகு வந்தவள். ஒருநாள் தேநீர் கொண்டுவந்து தந்து, பக்கத்தில் உட்கார்ந்தாள். எங்கள் இருவருடைய ஆங்கிலமும் அரைகுறை. எனக்குப் புரியாத மொழியில் என் முன்னால் பேசுவது மரியாதையில்லை என்றுதான் பேச்சை நிறுத்துகிறார்களாம். அதையும் நான் நம்பவில்லை.

"உங்கள் நாட்டிலும் போர்தானே? யாரையாவது இழந்தீர்களா?"

"ஒரு தம்பி. காணவில்லை." வாய் தவறிச் சொல்லிவிட்டேன்.

அவள் உடனே கொப்பியைத் திறந்தாள். "பெயர் சொல்லுங்கள். அவருக்காகவும் கடவுளிடம் மன்றாடுகிறோம்."

யார் இவளை அனுப்பியது? அவ்வளவுதான் எனக்கு ஓடியது. எங்கள் பிளாசாவில் மரக்கறிக்கடை வைத்திருப்பவரின் பெயர் நாக்கில் வந்தது, கொடுத்துவிட்டேன். கொப்பியின் முன்பக்கத்திலிருந்து உயிரோடு இருப்பவர்கள், பின்பக்கத்திலிருந்து இறந்தவர்கள் என்று விளக்கி, எந்தப் பக்கம் என்று கேட்டாள். "முன்பக்கம்" என்றேன். மனிதர் கல்லுப்போல இருக்கிறார், அவரை நான் ஏன் சாகடிக்க வேண்டும்?

அதன் பிறகு ஒவ்வொரு சனியும் அந்தப் பெயரை அவள் தடுக்கித் தடுக்கி வாசிப்பாள். இருபது பேரும் நெற்றியிலும் மார்பிலும் சிலுவை போட்டுக்கொள்வார்கள். முதல் வாரம் சிரிப்பை அடக்கப் பெரும்பாடு பட்டேன்.

மூன்று மாதம் போயிருக்கும். கடைக்குப் போனேன். எப்போதும் நொண்டி நொண்டி நடக்கும் மனிதர், அன்று நேராக நடந்து, கத்தரிக்காய்ப் பெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு வந்தார்.

"அக்கா, முழங்கால் நோவு இப்ப துப்பரவா இல்லை. என்னெண்டு மாறினதெண்டு எனக்கே தெரியேல்லை."

எனக்கு வயிறு பற்றி எரிந்தது. இருபது பெண்களின் மன்றாட்டு. என் தம்பிக்கு வரவேண்டியது. அதை வாங்கிக்கொண்டு இவர் பெட்டி தூக்குகிறார்.

வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் சொல்லி அழுதேன். கணவர் கேட்டுக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னார்: "உமக்கென்ன விசரே? தம்பின்ர பேரைக் குடுத்தா இனி அவனை ஆர் என்ன செய்யேலும்?"

அடுத்த சனி நேரத்தோடு போனேன். கொப்பிக்காரி மட்டும் இருந்தாள். கதவைச் சாத்திவிட்டு, கொடுத்தது பொய்ப்பெயர் என்றேன். கோபிப்பாள் என்று நினைத்தேன். அவள் பேனையை எடுத்து அந்தப் பெயரை வெட்டப் போனாள்.

"வேண்டாம், இருக்கட்டும். முழங்கால் திரும்பவும் நொந்தால் அந்தப் பழியும் எனக்கு."

பிறகு தம்பியின் பெயரைச் சொன்னேன். அவளுக்குச் சரியாக வரவில்லை. மூன்று தடவை சொல்லவேண்டியிருந்தது. இத்தனை வருடத்தில் அந்தப் பெயரை ஒரு வேற்று மனிதருக்கு நான் சொன்னது அன்றுதான்.

"முன்பக்கமா, பின்பக்கமா?" என்று கேட்டாள்.

மரக்கறிக்கடைக்காரருக்கு யோசிக்காமல் சொன்ன பதில், தம்பிக்கு வாயில் வரவில்லை. வெளியே கார்க் கதவுகள் அடிபடும் சத்தம் கேட்டது. மற்றப் பெண்கள் வந்து கோட்டைக் கழற்றத் தொடங்கிவிட்டார்கள். அவள் பேனையோடு காத்திருந்தாள்.

"முன்பக்கம்" என்றேன்.

பேனையை வாங்கி நானே எழுதினேன். அன்றைக்கு அவன் பெயரை எழுதியது இராணுவத்தினர்.