ரிஸானாவின் தூவானம்

குண்டசாலைக் கடையொன்றில் இன்று கருவாட்டு வாசம் மூக்கில் ஏறியதும், கண்டி மார்க்கெட்டில் கருவாட்டுக் கடைக்கு மேலே, நடந்தால் பலகை முனகும் அறையில், ஓர் அக்கா நடத்திய தமிழ் டியூஷன் வகுப்புக்கு நினைவில் போய்விட்டேன். அந்தக் கட்டடமே இப்போது இல்லை. வாரந்தோறும் புதுச்சொல் கொண்டுபோக வேண்டும். அக்கா மெச்சும் சொல் அந்த வாரம் முழுக்கக் கொண்டுவந்தவருக்கே சொந்தம், மற்றவர்கள் அவரிடம் கேட்டுத்தான் அதைச் சொல்லலாம். என்னோடு படித்த கெலிஓயா ரிஸானாவின் வாப்பாவுக்குப் பலசரக்குக் கடை. சாமான் சுற்றும் பழைய பேப்பரெல்லாம் அவளுக்குத்தான். எங்கள் வீட்டில் வாசிக்கக் கலண்டர் மட்டுமே.

அவள் 'தூவானம்' கொண்டுவந்த வாரம் முழுக்க மழை. காற்று ஜன்னல் வழியே என் முகத்தில் துளிகளை இறைத்தது.

"இதுக்குப் பேர் என்ன?" அக்கா என்னைத்தான் கேட்டார்.

"வேணுமென்டா கேளு புள்ள, தாரன்," என்றாள் ரிஸானா, மகாராணி மாதிரி.

"ஒன்னும் வேணாம். எனக்கு மழையே போதும்," என்றேன். வகுப்பே சிரித்தது.

இன்றும் யாராவது தூவானம் என்றால் வயிறு எரிகிறது. கேட்டிருந்தால் உடனே தந்திருப்பாள்; அதைத்தான் இன்னும் பொறுக்க முடியவில்லை.