இடது பின்கதவு

தெருவில் அவருக்குப் பெயர் காதுக்காரர். பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்தது. அது மின்சார ரசீதோடு சரி. வண்டிக்குள் எந்த மூலையில் சத்தம் வந்தாலும் கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, இன்ன இடத்தில் இன்ன கோளாறு என்று விரல் வைத்துச் சொல்லிவிடுவார். அதே மனிதருக்கு வீட்டுக் குழாய் சொட்டுவது மட்டும் ஒருநாளும் கேட்டதில்லை. "ஊர் வண்டிக்கெல்லாம் காது, வீட்டுக்கு மட்டும் செவிடு" என்று மனைவி சொல்லுவாள். அதுவும் அவர் காதில் விழாது.

அவருடைய தொழிலில் ஒரு வினோதம் உண்டு. சத்தம் தேடும்போது அவர் வண்டி ஓட்ட மாட்டார். ஸ்டியரிங்கைப் பிடித்தால் கவனமெல்லாம் கைக்குப் போய்விடுகிறது, காதுக்கு ஒன்றும் மிஞ்சுவதில்லை என்பார். அதனால் ஓட்டுவது மனைவி. அவர் பின்சீட்டில் ஒருக்களித்துப் படுத்து, ஒரு காதைத் தகட்டில் ஒட்டவைத்திருப்பார். "இப்ப பிரேக்கு. இப்ப வளை. இப்ப மேடு" என்று பின்னாலிருந்து குரல் வரும், அவள் அப்படியே செய்வாள். இருபத்தாறு வருடம் இப்படித்தான் நடந்தது. வாடிக்கைக்காரர்கள் அவளை டிரைவரம்மா என்று கூப்பிட்டார்கள். காதுக்காரர் பெற்ற புகழில் பாதி அவளுடையது. அதை அவர் ஒருமுறையாவது வாய்விட்டுச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

வீட்டை ஒட்டியே தகரக் கூரை போட்ட பட்டறை, இரண்டு வண்டி நிற்கிற இடம். வேலை முடிந்த எந்த வண்டியையும் டிரைவரம்மா ஒரு சுற்றுச் சுற்றிவராமல் வெளியே விடமாட்டாள். சீட்டுக்கடியில் மறந்த ஸ்பேனரை எடுப்பாள், கண்ணாடியில் இருக்கும் கைரேகையைத் துடைப்பாள். கதவில் பெயிண்ட் வேலை நடந்திருந்தால் தலையிலிருந்து கொண்டை ஊசியை உருவிக்கொண்டு குந்தி உட்கார்ந்து, கதவின் அடி விளிம்பில் எதையோ குத்தி, "ஒண்ணு, ரெண்டு, மூணு" என்று எண்ணுவாள். அவர் அதற்குள் கை கழுவப் போயிருப்பார்.

அவள் போய் ஏழு மாதம் ஆகிறது.

அன்று காலை அவளுக்கு மூச்சு வாங்கியது. ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். "ஒருநாள் வெச்சுப் பாக்கலாம், பயப்பட ஒண்ணுமில்ல" என்றார் டாக்டர். துணைக்கு மகள் இருந்தாள். பட்டறையில் கணக்கு வாத்தியாரின் வெள்ளைக் கார் நின்றது. இடது பின்கதவு நசுங்கி, பட்டி வைத்துத் தேய்த்து, பெயிண்டுக்குக் காத்திருந்தது. வாத்தியார் மறுநாள் விடிகாலையில் குடும்பத்தோடு வெளியூர் கிளம்ப வேண்டும். "நீங்க போய் முடிச்சிட்டு வாங்க. நான் எங்க ஓடிப்போறேன்?" என்று மனைவிதான் அனுப்பினாள். மதியம் ஒருமுறை அவளே போனில் சாப்பிட்டீர்களா என்று கேட்டாள். பிறகு மகள் கூப்பிட்டு, "அப்பா, வாங்களேன்" என்றாள். மூன்றாவது முறையும் மகள்தான். "எப்பதான் வருவீங்க?" என்று கேட்டாள். "கதவு காயுதும்மா, பத்தே நிமிஷம்" என்று சொல்லி வைத்துவிட்டார். பத்து நிமிஷம் ஒன்றரை மணி நேரமானது. அவர் போய்ச் சேர்ந்தபோது கட்டிலைச் சுற்றித் திரை போட்டிருந்தார்கள்.

அன்றிலிருந்து மகள் அவரோடு பேசுவது அளந்துதான். மூன்று தெரு தள்ளி வாழ்க்கைப்பட்டவள், ஞாயிற்றுக்கிழமை தவறாமல் சாப்பாட்டுக் கேரியரோடு வருவாள். வைப்பாள், போன வாரத்துக் காலிப் பாத்திரத்தை எடுப்பாள், போவாள். ஒரே ஒருமுறை மட்டும் வெடித்தாள்.

"ஒரு கதவு, அப்பா. ஒரு கதவுக்காக."

"வேலைய பாதியில போட்டுட்டு வரமுடியுமாம்மா?" என்றார் அவர்.

அந்தப் பதிலைப் பிடித்துக்கொண்டுதான் அவர் ஏழு மாதத்தை ஓட்டினார். வெள்ளைக் கார் தெருவில் போகும்போதெல்லாம் நின்று பார்ப்பார். எங்கே நசுங்கியது என்று கடவுளே வந்தாலும் கண்டுபிடிக்க முடியாது. போகவேண்டிய நேரத்தில் போகவில்லை, அது உண்மைதான். ஆனால் எதற்காகப் போகவில்லையோ அந்த வேலை சுத்தம். முழுகுகிறவனுக்கு ஒரு மரத்துண்டு கிடைத்த மாதிரி அதை நெஞ்சோடு கட்டிக்கொண்டிருந்தார். அதுவும் இல்லையென்றால் அவர் கதி என்ன?

மழை பிடித்துப் பத்தாவது நாள் அந்த வெள்ளைக் கார் பட்டறைக்குள் வந்து நின்றது.

"உள்ள தண்ணி தளும்புதுங்க" என்றார் வாத்தியார். "யாரோ பாதிக்குடத்தத் தூக்கிட்டு நடக்கிற மாதிரி. பிரேக் போட்டா சளக்குன்னு முன்னாடி வருது, பின்னாடி போகுது, திரும்பவும் முன்னாடி வருது. எண்ணிப் பாத்தேன், சரியா மூணு தடவை. வீட்டுல சொன்னா, சத்தம் வண்டில இல்ல, உங்க தலைக்குள்ளங்கிறா. நிறைகுடம் தளும்பாதாமே!"

காதுக்காரருக்குச் சிரிப்பு வந்த மாதிரி இருந்தது, முகம்வரை வரவில்லை. "விட்டுட்டுப் போங்க சார், பாக்கறேன்" என்றார். மனைவி போனபிறகு சத்தம் தேடுகிற வேலை எதையும் அவர் எடுக்கவில்லை. ஓட்ட ஆளில்லை என்று திருப்பி அனுப்பிவிடுவார். இந்த வண்டியை ஏனோ அனுப்ப முடியவில்லை.

மூன்று நாள் தேடினார். ரேடியேட்டர் தண்ணீரில் காற்று புகுந்திருந்தால் டேஷ்போர்டுக்குப் பின்னால் களகளக்கும் என்று காற்றை வெளியேற்றிப் பார்த்தார். ஏ.சி. தண்ணீர் இறங்கும் குழாயை ஊதினார். டிக்கியைத் திறந்து ஸ்டெப்னிக் குழியைத் தடவினார்; காய்ந்து கிடந்தது. பெட்ரோல் டேங்கை நிரப்பினால் சத்தம் அடங்குகிறதா என்று பார்த்தார். அடங்கவில்லை. தானே ஓட்டிப் பார்த்தார். சத்தம் கேட்டது, இடம் தெரியவில்லை. பிரேக்கை மிதிக்கும்போதெல்லாம் வாய் "இப்ப பிரேக்கு" என்று சொன்னது. முன்சீட்டில் அவரே உட்கார்ந்திருக்க, யாருக்குச் சொல்கிறோம் என்று நினைத்ததும் தெருவோரம் நிறுத்திவிட்டு அழுதார்.

கதவுகளையும் தட்டிப் பார்க்கத்தான் செய்தார். முன்கதவுகள் இரண்டு, வலது பின்கதவு. இடது பின்கதவுக்கு வந்ததும், இது நாம் செய்தது என்று தாண்டிப் போய்விட்டார். இடுப்பில் பிள்ளையை வைத்துக்கொண்டு ஊரெல்லாம் தேடிய கதை சொல்வார்கள். இது அதைவிட மோசம். பிள்ளை இடுப்பில்தான் என்று தெரிந்தும், குனிந்து பார்க்கமாட்டேன் என்கிற பிடிவாதம்.

ஞாயிற்றுக்கிழமை மகள் கேரியரோடு வந்தபோது அவர் வண்டியை எடுத்துக்கொண்டு தெருமுனைவரை போவதும் வருவதுமாக இருந்தார். நாலு தடவை பார்த்தாள். ஐந்தாவது தடவை கேரியரைக் கீழே வைத்துவிட்டு வண்டிக்கு முன்னால் போய் நின்றாள்.

"இறங்குங்க. நான் ஓட்டறேன். நீங்க பின்னாடி போங்க."

"உனக்கெதுக்கும்மா சிரமம்..."

"எனக்கு ஓட்டச் சொல்லிக் கொடுத்தது அம்மாதானே? போங்க."

பின்சீட்டில் படுத்தார். சீட்டுத் துணியின் வாடை, மேல்கூரையின் சின்னக் கறை, எல்லாம் தலைகீழாக, பழையபடி. வண்டி நகர்ந்தது. மகள் அம்மாவைப்போலவே கிளட்சை விட்டாள், கொஞ்சம் தயங்கி, பிறகு மொத்தமாக. கண்ணை மூடிக்கொண்டார்.

"இப்ப பிரேக்கு" என்றார்.

சளக்.

தலைமாட்டிலேயே கேட்டது. காது ஒட்டியிருந்த தகட்டுக்குள், ஒரு சாண் தூரத்தில், தண்ணீர் முன்னால் ஓடி, பின்னால் ஓடி, மறுபடி முன்னால் ஓடி அடங்கியது. ஒரு குழந்தையால்கூடச் சொல்லியிருக்க முடியும். இடது பின்கதவு.

"எங்கேருந்து வருது?" என்று கேட்டாள் மகள்.

"இன்னொரு சுத்து போ."

இன்னொரு சுற்றுப் போனாள். அதன்பிறகும் இன்னொன்று கேட்டார். நாலாவது சுற்றில் பின்னாலிருந்து குரல் எதுவும் வரவில்லை. கண்ணாடியில் பார்த்தாள். அப்பா முகத்தைக் கதவோடு வைத்து, இரண்டு கையாலும் பொத்திக்கொண்டிருந்தார். பட்டறைக்குள் கொண்டுவந்து நிறுத்தினாள்.

அவர் இறங்கி, கதவைத் திறந்து, தரையில் உட்கார்ந்து அடி விளிம்பைத் தடவினார். வழவழவென்று இருந்தது. துரு ஏறக்கூடாதென்று அன்று அவர் தடவிய கறுப்புப் பூச்சு அந்த முனையிலிருந்து இந்த முனைவரை அழகாக, ஒரே சீராக ஓடியது. கண்ணாடி இடுக்கு வழியாகக் கதவுக்குள் இறங்கும் மழைத்தண்ணீர் வெளியே போக அடியில் மூன்று ஓட்டை உண்டு. மூன்றையும் அடைத்திருந்தார். வாத்தியார் வண்டியைக் கழுவாமல் ஈரத்துணியால் துடைக்கிற ஆள், ஏழு மாதம் மழையும் இல்லை; அதனால் வெளியே தெரியவில்லை.

ஒரு பேசினைக் கீழே வைத்து, மெல்லிய ஸ்குரூடிரைவரால் ஒரு இடத்தில் குத்தினார். துருப்பிடித்த தண்ணீர் பீறிட்டு வந்தது.

"நான் பூசினதும்மா" என்றார், தலையைத் தூக்காமல். "அன்னிக்குச் செஞ்ச கதவு. ஓட்டைய அடைச்சிட்டேன். உள்ளேருந்து அரிக்க ஆரம்பிச்சிருக்கு. உங்கம்மாகிட்டயும் இருக்கல, வேலையும் ஒழுங்கா செய்யல. ரெண்டும் கெட்டவன் நான்."

மகள் குனிந்து தண்ணீரைப் பார்த்தாள். பேசின் பாதி நிறைகிறவரை நின்றாள். பிறகு சுவரைப் பிடித்துக்கொண்டு மெதுவாக அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள்.

"அப்பா. அன்னிக்குக் கடைசியா கூப்பிட்டேன்ல?"

"ம்."

"அது அம்மா கூப்பிடச் சொன்னது. உங்களை வரச்சொல்லி இல்ல." தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "'கதவுக்கடில குத்திவிட்டாரான்னு கேளு, நான் இல்லன்னா மறந்துடுவாரு'ன்னாங்க. எனக்கு ஆத்திரமா வந்துச்சு. மூச்சு விடவே கஷ்டப்படறாங்க, இப்பவும் கதவான்னு. நான் கேக்கல. எப்ப வருவீங்கன்னு மட்டும் கேட்டுட்டு வெச்சிட்டேன். கேட்டுட்டேன்னு அம்மாகிட்ட பொய் சொன்னேன்."

அவர் பேசினை ஓட்டைக்கு நேராக நகர்த்தினார்.

"அதுக்கப்புறம் என்ன சொன்னா?"

"ஒண்ணும் சொல்லல. சரின்னு தலையாட்டினாங்க. அதுக்கப்புறம் பேசல, அப்பா. அதுதான் கடைசி."

இத்தனை மாதம் அவள் அவரிடம் முகம்கொடுத்துப் பேசாமலிருந்தது அவர் மேலிருந்த கோபத்தால் மட்டுமில்லை என்று அவருக்கு அப்போதுதான் புரிந்தது. ஊர்ச் சத்தமெல்லாம் கேட்ட காது, இதைக் கேட்கவில்லை. கை நீட்டி அவள் தலையைத் தொடப் போனார். கையெல்லாம் துருத் தண்ணீர். புறங்கையால் தொட்டார்.

"நீ கேட்டிருந்தா குத்தியிருப்பேன்" என்றார். "குத்திட்டு, இன்னும் கால்மணி நேரம் லேட்டா வந்திருப்பேன். அவ்வளவுதாம்மா. உன் மேல ஒண்ணுமில்ல."

அவள் அழுதாள். அவரும் அழுதார். இரண்டு பேருக்கும் ஆறுதல் என்று எதுவும் வந்துவிடவில்லை. தனித்தனியாக அழுததை அன்று சேர்ந்து அழுதார்கள்.

பேசினில் சொட்டுவது நின்றது. உள்ளே இன்னும் தண்ணீர் இருந்தது. அவர் மறுபடி ஸ்குரூடிரைவரை எடுத்தார். முனை பெயிண்டில் சறுக்கியது. மகள் அதை அவர் கையிலிருந்து வாங்கி ஓரமாக வைத்தாள். தலையிலிருந்து கொண்டை ஊசியை உருவி, குனிந்து, விளிம்பைத் தடவி, அடுத்த இடத்தைக் கண்டுபிடித்துக் குத்தினாள்.

"ரெண்டு" என்றாள்.

கதவின் கடைசி மூலைக்கு நகர்ந்து அதையும் குத்தினாள். தண்ணீர் வந்தது. ஊசியைப் பிடித்தபடி அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

"மூணு" என்றார் காதுக்காரர்.