தோப்பில் எழுதாத மகஜர்

1. போன்

வாழ்நாள் சாதனை விருதுக்கு என்னைத் தேர்வு செய்திருப்பதாகப் போன் வந்தபோது, நான் ஒரு ஆளுக்கு மட்டும் ரசம் வைத்துக்கொண்டிருந்தேன். ஃபாரஸ்ட் ரேஞ்சராக ரிட்டயர் ஆகி ஆறு வருடம். மனைவி இறந்து நாலு வருடம். மகன் பெங்களூரில். ராஜபாளையத்தில் என் தெருக்காரர்கள் இன்றைக்கும் என்னோடு நின்று பேசமாட்டார்கள். முயல் அடித்தான், பன்றிக்கு வெடி வைத்தான் என்று பாதி வீட்டில் ஒருத்தன் மேல் நான் கேஸ் போட்டிருக்கிறேன். பிறகு எவன் பேசுவான்?

"சார், நீங்க எழுதின மகஜர் ஒண்ணுகூட கோர்ட்ல உடைஞ்சதில்லையாமே! அதான் உங்களைப் போட்டிருக்காங்க" என்றது போனில் பேசிய பெண். "முன்வரிசையில ஃபேமிலிக்கு ரெண்டு சீட். யார் பேரு சார் எழுத?"

"பொறவு சொல்லுதேம்மா" என்று வைத்துவிட்டேன். அதற்குள் ரசம் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்துவிட்டது.

உடைந்த மகஜர் ஒன்று உண்டு. வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் வனவர்களுக்காக அதை எழுதுகிறேன்.

2. மழை

அப்போது நான் வனவர். மலையடிவாரத்தில் ஒரு மாந்தோப்புக்காரர் மிளா மானைச் சுட்டுக் கூறு போட்டுக்கொண்டிருந்தார். கறி, தோல், நாட்டுத் துப்பாக்கி எல்லாவற்றோடும் பிடித்தேன். மகஜர் என்பது பிடித்த பொருளையும் பிடித்த இடத்தையும் சாட்சி முன்னால் எழுதி வாங்கும் கையெழுத்துப் பத்திரம். வெளியாள் ஒருவராவது கையெழுத்துப் போட்டால்தான் கோர்ட்டில் மதிப்பு. சுற்றி நின்றவர்கள் எல்லாம் நழுவிவிட்டார்கள்.

பக்கத்துத் தோப்பில் பம்ப்செட் ரிப்பேர் பார்க்க வந்திருந்த ஞானதாஸ் மட்டும் நின்றார். கான்சாபுரத்துக்காரர், மோட்டார் காயில் கட்டுகிறவர். "கண்ணால பாத்ததுக்குக் கையெழுத்து போட என்ன சார் பயம்? கொண்டாங்க" என்றார்.

அந்நேரம் பார்த்துப் பேய்மழை. மகஜரைப் பிடித்த இடத்திலேயே எழுத வேண்டும். நான் எல்லாவற்றையும் ஜீப்பில் ஏற்றி ஆபீசுக்குக் கொண்டுவந்து, ஃபேனுக்கு அடியில் டீ குடித்துக்கொண்டே எழுதினேன். 'தோப்பில் வைத்து எழுதப்பட்டது' என்று முடித்து ஞானதாஸிடம் நீட்டினேன். அவரும் நம்பிப் போட்டுவிட்டார்.

3. கூண்டு

ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டில் ஞானதாஸ் கூண்டில் ஏறினார். எதிர்த்தரப்பு வக்கீல் கெட்டிக்காரர். கறியையும் கேட்கவில்லை, துப்பாக்கியையும் கேட்கவில்லை.

"கையெழுத்து எங்க வச்சுப் போட்டீங்க?"

"ஃபாரஸ்ட் ஆபீஸ்ல வச்சு ஐயா."

அவ்வளவுதான். மகஜர் பொய் என்று ஆனது, தோப்புக்காரர் விடுதலை.

வராந்தாவில் ஞானதாஸ் என்னிடம் வந்தார். "சார், சத்தியம் பண்ணிட்டு எப்படி சார் மாத்திச் சொல்ல?" அத்தனை பேர் காதிலும் விழுகிற மாதிரி நான் கேட்டேன்: "எம்புட்டுய்யா வாங்குன?"

மனுசன் படியிறங்கிப் போய்விட்டார். அன்று சாயங்காலம் மேலதிகாரி, "என்னய்யா ஆச்சு, சாட்சி கவுத்துட்டானா?" என்றார். 'இல்லை சார், என் தப்பு' என்று சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. பிரமோஷன் வரும் நேரம். "ஆமா சார், ஆள வளைச்சுட்டானுவ" என்றேன். அறிக்கையிலும் அப்படியே எழுதினேன். வத்திராயிருப்பு டீக்கடையிலும் சொன்னேன். சண்டாளன் நான்.

4. பேர் எடுத்த கதை

அதற்குப் பிறகு ஒரு மகஜரையும் ஆபீசில் எழுதியதில்லை. செத்து நாறிய யானைக்குப் பக்கத்தில் மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு ஐந்து மணி நேரம் நின்று எழுதியிருக்கிறேன். அட்டை கடிக்கக் கடிக்க எழுதியிருக்கிறேன். "இந்த ஆளோட போனா சோறு தண்ணி கிடையாது" என்று கூட வந்த வாட்சர்கள் புலம்புவார்கள். பயிற்சி வகுப்புக்கெல்லாம் கூப்பிட்டார்கள். இதை எங்கே சார் கற்றுக்கொண்டீர்கள் என்று கேட்டால் அனுபவம் என்பேன். ஞானதாஸ் பெயரை ஒரு நாளும் சொன்னதில்லை.

5. கான்சாபுரம்

அழைப்பிதழை எடுத்துக்கொண்டு பதினெட்டு வருடம் கழித்து அவரைத் தேடிப் போனேன். தலை முழுக்க நரைத்திருந்தது. காயில் கம்பியைக் கையில் வைத்துக்கொண்டே நிமிர்ந்து பார்த்தார்.

"யாருன்னு தெரியுதா?"

"தெரியாமயா சார்? உக்காருங்க."

முன்வரிசையில் என் பக்கத்தில் வந்து உட்கார வேண்டும், மேடையில் உண்மையைச் சொல்லிவிடுகிறேன் என்றேன். அவர் கம்பியைக் கீழே வைத்தார்.

"தோப்புக்காரவுக ஒருத்தரும் பொறவு மோட்டாருக்கு என்னையக் கூப்பிடல. ஃபாரஸ்டுக்குக் கையெழுத்து போட்டவன்னு. அது போவட்டும். எங்க கோயில்ல காணிக்கைப் பை நாந்தான் எடுப்பேன். நீங்க சொன்ன பேச்சு வந்ததும், இனி நீரு எடுக்க வேண்டாம்னுட்டாவ. எங்க வீட்டுக்காரி அந்தக் கவலையிலயே போய்ச் சேந்தா சார்."

"மேடையில எல்லாத்தையும் சொல்லுதேன்" என்றேன்.

"அங்க உள்ளவுகளுக்கு என்னையத் தெரியாது சார். தெரிஞ்சவுககிட்ட வந்து சொல்லுவியளா? ஞாயித்துக்கிழம எட்டரைக்கு ஆராதனை."

6. இரண்டு கூட்டம்

விழா வெள்ளிக்கிழமை. முன்வரிசையில் இரண்டு நாற்காலியும் காலியாகக் கிடந்தன. மேடையில் நடந்ததைச் சொன்னேன். மண்டபமே கைதட்டியது. "என்ன பெருந்தன்மை சார் உங்களுக்கு!" என்று ஒரு அதிகாரி கையைப் பிடித்துக் குலுக்கினார். எனக்கு உடம்பெல்லாம் கூசியது.

ஞாயிற்றுக்கிழமை கான்சாபுரம் சர்ச்சுக்குப் போனேன். ஆராதனை முடிந்ததும் போதகர் ஐயர் என்னைப் பேசச் சொன்னார். நாற்பது பேர் இருப்பார்கள். "ஞானதாஸ் பத்து பைசா வாங்கவில்லை. அவர் சொன்னது உண்மை. பொய் எழுதினவன் நான், அவர் மேல் பழி போட்டவனும் நான்" என்றேன்.

யாரும் கைதட்டவில்லை. பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு அம்மா எழுந்தார். "ஏன்யா, அவரு வீட்டுக்காரி உசுரோட இருக்கும்போது எங்க போயிருந்தீரு?"

அந்த அம்மா உட்காரும்வரை நின்றேன்.

வாசலில் ஞானதாஸ் வந்தார். கையைக் கொடுப்பார் என்று நினைத்தேன். "சொல்லிட்டீய சார், போதும். இனி என்னையப் பாக்க வராதீய" என்று சொல்லிவிட்டு ஜனங்களோடு நடந்து போனார். அவரோடு நாலைந்து பேர் பேசிக்கொண்டே போனார்கள். நான் பஸ்ஸுக்கு நின்றேன்.

தம்பிகளா, மகஜரைப் பிடித்த இடத்திலேயே எழுதுங்கள் என்று எல்லாரும் சொல்லித் தருவார்கள். நான் சொல்வது வேறு. சாட்சி உங்களுக்கு எதிராகச் சொன்னால், அவரைப் பற்றி ஒரு வரி எழுதுவதற்கு முன்னால் நீங்கள் எழுதியதை எடுத்துப் படித்துப் பாருங்கள். தப்பு உங்களுடையது என்றால் அன்றைக்கே சொல்லிவிடுங்கள். ரிட்டயர் ஆன பிறகு சொன்னால் கேட்பதற்கு ஆள் இருப்பார்கள், கேட்க வேண்டியவர் இருக்கமாட்டார்.