ரிலீவர் வராத கணக்கு சார்

எனக்குக் கையெழுத்துக்கு மேல படிப்பில்லை. ஆனாலும் சுரங்க டவுன்ஷிப் பள்ளிக்கூடத்தில் இருபது வருஷம் ஆயாம்மாவாக இருந்தவள். எந்த வாத்தியார் எப்படின்னு நடையைப் பார்த்தே சொல்லிடுவேன்.

பத்தாவதில் தவறிடும்னு தோணுற பிள்ளைங்களை அந்த வருஷமே தேத்திவிட, சாயங்காலம் தனி வகுப்பு வெச்சாங்க. அதுக்கு ஒரு கணக்கு சார் வந்தார். மடிப்பு கலையாத சட்டை, சாயம் போட்ட மீசை. உட்காரும் முன் நாற்காலியைக் கைக்குட்டையால் மூணு தடவை தட்டுவார், சுரங்கத்துத் தூசியெல்லாம் அவர் சட்டைக்காகவே கிளம்பி வந்த மாதிரி. மைன்ஸில் அஞ்சு மணிச் சங்கு ஊதினால், பாதிக் கணக்கில் சாக்பீஸைப் போட்டுட்டுக் கிளம்பிடுவார்.

முத்தாண்டிக்குப்பத்துப் பெண் ஒருத்தி அங்கே படிச்சிக்கினு இருந்தாள். தவறினால் அம்மாவோட கான்ட்ராக்ட் வேலைக்குத்தான்னு வூட்டில் சொல்லியாச்சு. "மீதி எப்படி சார்?" என்று ஒருநாள் கேட்டாள்.

"சங்கு ஊதிடுச்சு பார்," என்றார்.

துடைப்பத்தோடு நின்ற எனக்குப் பொறுக்கவில்லை. "எங்க வூட்டுக்காரர் மைன்ஸ்ல இருந்தவருங்க சார். அடுத்த ஷிப்ட் ரிலீவர் வந்து நிக்காம மிஷினை விட்டு இறங்க மாட்டார். உங்க ரிலீவர் யாருங்க?"

சார் திரும்பிப்போய், நாற்காலியைத் தட்டாமலே உட்கார்ந்து மீதிக் கணக்கைச் சொல்லி முடித்தார்.

அதுக்கப்புறம் தினமும் சங்கு ஊதினதும், "ரிலீவர் வந்தாச்சா ஆயாம்மா?" என்பார். "வரலைங்க சார்," என்பேன். மறுபடி சாக்பீஸை எடுப்பார்.

அந்தப் பெண் கூடப் படிச்சவங்களோடவே தேறினாள். பாராட்டுக் கூட்டத்தில் சார் தன் திறமையைப் பற்றி அரைமணி பேசினார். என்னைப் பத்தின பேச்சே வரலை, வரவும் வேண்டாம். தினமும் அவர் என்னைக் கிண்டல் பண்ணினாரா, அனுமதி கேட்டாரா என்பதுதான் இன்னும் எனக்குப் பிடிபடவில்லை.